ஐடஹோவில் பதினோரு நிமிடம்

டாக்டர் பென்ரோஸ் முதலில் கேட்பது எப்படி இருக்கிறீர்கள் என்று அல்ல. இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்றுதான்.

அந்தக் கேள்வி முதன்முதலாக வந்த நாளில், டார்லா ஹெஸ்கெட் அதை மூளைக்கு வைக்கும் சோதனை என்று நினைத்துக்கொண்டாள். வலிப்பு வந்து கண் விழிப்பவர்களிடம் ஆம்புலன்ஸ்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள்: இது எந்த ஊர், இன்று என்ன கிழமை, ஜனாதிபதி யார். அவள் தன் சமையலறை, ஊர், மாவட்டம், ஆரிகன் மாநிலம், கிழமை, மாதம் எல்லாவற்றையும் சொல்லி, கேட்காமலே ஜனாதிபதியின் பெயரையும் சொன்னாள். கணினித் திரையில் டாக்டர் சிரிக்கவில்லை.

"ஆரிகன்னா நான் உங்களைப் பாக்க முடியாது, டார்லா. நேத்து வரைக்கும் முடிஞ்சது. இன்னைலேருந்து முடியாது."

பெருந்தொற்றுக் காலத்தில் எந்த மாநிலத்து டாக்டரும் எந்த மாநிலத்து நோயாளியையும் பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். அந்தச் சலுகை முடிந்துவிட்டது. பென்ரோஸ் சால்ட் லேக் சிட்டியில் வலிப்புக்கு வைத்தியம் பார்க்கும் பெண்மணி. யூட்டாவில் உரிமம் உண்டு, ஐடஹோவில் உண்டு. ஆரிகனில் இல்லை. டாக்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது கணக்கில்லை. நோயாளி எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான் கணக்கு. டார்லாவின் சமையலறையிலிருந்து ஐடஹோ எல்லை ஒன்பது மைல். எங்கள் ஊரில் கடிகாரம்கூட ஆரிகன் நேரம் காட்டாது, ஐடஹோ நேரம்தான். ஆனாலும் சமையலறை ஆரிகனில் இருந்தது.

நான் வாய்க்கால் அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவள். விவசாயிகள் அழைத்து நாளைக்கு இத்தனை அளவு தண்ணீர் வேண்டும் என்பார்கள். நான் எழுதி நீர்க்கட்டி ஆட்களிடம் கொடுப்பேன். அவர்கள் விடியும் முன்பே பிக்கப் வண்டியில் கரையோரம் போய், மதகு மதகாக இறங்கி, சக்கரத்தைத் திருகித் தண்ணீர் பிரித்துவிடுவார்கள். தெற்கு வாய்க்காலின் முப்பத்தொரு மைலுக்கு இருபத்திரண்டு வருடம் டார்லாதான் நீர்க்கட்டி.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்து மூன்று. கணவன் வின்னமக்கா என்ற ஊருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டிருந்தான். பிள்ளைகள் இல்லை. முதல் கோடையில் இரண்டு விவசாயிகள் அலுவலகத்துக்கு அழைத்து, ஆம்பளை யாரும் கிடைக்கவில்லையா என்று கேட்டார்கள். மூன்றாம் கோடையில் அதே இருவரும் டார்லா விடுப்பில் போனால் புகார் சொன்னார்கள். லைல் என்று ஒருவர் இருந்தார், பீட்ரூட் போடுபவர். இருட்டில் வந்து தன் மதகை இரண்டு சுற்று கூடுதலாகத் திறந்துவிட்டுப் போவார். டார்லா அவரைப் பற்றி எழுதிக் கொடுக்கவில்லை. சாயங்காலம் மதகுச் சக்கரத்தின் மேல் ஒரு வெங்காயத்தை வைத்துவிட்டு வந்தாள். காலையில் அது கீழே கிடந்தது. மறுபடி எடுத்து வைத்தாள். நாலாம் நாள் வெங்காயம் வைத்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் லைல் இன்னொரு வெங்காயம் வைத்திருந்தார்.

செப்டம்பர் மாதத்து ஒரு காலை, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு நினைவு தப்பியது. பிக்கப் கரையில் சரிந்து, முன்சக்கரம் இரண்டும் தண்ணீரில் நின்றது. அவளுக்கு விழிப்பு வந்தபோது தண்ணீர் மிதிகட்டை வரை வந்திருந்தது. அவள் முதலில் செய்தது, கதவைத் திறந்து இறங்கி, வண்டி அடைத்துக்கொண்டதால் மேலே எவ்வளவு நீர் ஏறியிருக்கிறது என்று பார்த்தது. எனக்கு அழைத்து, "நோரீன், ரெண்டாம் மதகை ஒரு சுத்து மூடச் சொல்லு, இங்க தேங்குது" என்றாள். பிறகுதான் விழுந்ததைச் சொன்னாள்.

அதோடு ஓட்டுவது நின்றது. ஓட்டாமல் நீர்க்கட்டி வேலை கிடையாது. தொடர்ந்து ஆறு மாதம் வலிப்பில்லை என்று அவளைப் பார்க்கும் டாக்டர் எழுதிக் கொடுத்தால் வண்டிச் சாவியைத் தருவதாக மேலாளர் ஃபிட்ச் சொன்னார். அவர் நல்ல மனிதர். அந்தத் தாளுக்கு அலுவலகக் கோப்பில் ஓர் இடம்கூட விட்டு வைத்திருந்தார்.

டார்லா வெங்காயக் கொட்டகையில் சாக்கு தைக்கப் போனாள். நான்கு மாதம் வலிப்பில்லாமல் போகும், ஒன்று வரும். கணக்கு மறுபடி முதலிலிருந்து. ஒருமுறை ஐந்து மாதமும் இருபது நாளும் போனது. அந்தத் தடவை அவள் எனக்கு அழைக்கவில்லை. நான்தான் போய்ப் பார்த்தேன். புது ரப்பர் பூட்ஸ் வாங்கி வைத்திருந்தாள், பெட்டியைப் பிரிக்காமல்.

வேறு டாக்டர் கிடைக்கவில்லையா என்று கேட்கலாம். பாய்ஸியில் ஒருவர் இருந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் கணினியைப் பார்த்துக் கேள்வி கேட்டார். போர்ட்லாந்து எங்கள் மாநிலம்தான், ஆனால் ஏழு மணி நேரம். சால்ட் லேக் சிட்டி ஆறு. பென்ரோஸ்தான் காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று கேட்டவர். ஓடும் தண்ணீரில் வெயில் பட்டு மினுங்குவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவீர்களா என்று கேட்டவர். அந்த மினுக்கமே வலிப்பைக் கிளப்பலாம் என்று கறுப்புக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அவரை விட டார்லாவுக்கு மனமில்லை.

எங்கள் தெற்கு வாய்க்காலின் கடைசி அரை மைல் ஐடஹோவுக்குள் இருக்கிறது. எல்லையில் ஒரு துருப்பிடித்த கம்பமும் மாடு தாண்டாதபடி தரையில் பதித்த இரும்புச் சட்டமும் உண்டு. அதைத் தாண்டி அரை மைலில் கடைசி மதகு. அங்கே ஒரு மேடு. மேட்டில் கைப்பேசிக்கு நல்ல சிக்னல்.

எங்கள் ஊரில் பலர் இப்படித்தான் எல்லை தாண்டி டாக்டரைப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் நெடுஞ்சாலையில் போய் ஐடஹோ பக்கத்து ஹோம்டேல் ஊரில் மளிகைக் கடை முன்னால் வண்டியை நிறுத்திக்கொள்வார்கள். சில காலைகளில் அங்கே நாலைந்து வண்டிகள் நிற்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கைப்பேசியிடம் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருப்பார்கள். கால் மணி நேரத்தில் போய்விடலாம். நானும் அங்கேதான் கூட்டிப் போவதாகச் சொன்னேன். டார்லா கரைப்பாதையில் போகலாம் என்றாள். ஒரு மணி நேரம் ஆகும் என்றேன். ஆகட்டும் என்றாள்.

ஃபிட்ச் அலுவலக பிக்கப்பைத் தந்தார். வைத்தியத்துக்கு என்பதால் தந்தார். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை நான் மேப்பிள் பாகு பூசிய பன் இரண்டும் காப்பியும் வாங்கிக்கொண்டு போவேன். அவள் வாசலில் நிற்பாள். பழக்கத்தில் ஓட்டுநர் பக்கம் போய், கதவில் கைவைத்து, பிறகு சுற்றிக்கொண்டு மறுபக்கம் வருவாள். இரண்டு வருடம் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

கரையில் ஏறியதும் அவள் பேச்சு மாறிவிடும். மெதுவாகப் போ என்பாள். அதோ எலி வளை, அடுத்த மாதத்தில் கரை ஒழுகும் என்பாள். கம்பிச் சல்லடையில் குப்பை ஒட்டியிருந்தால் இறங்கி, வெறுங்கையால் இழுத்துப் போடுவாள். அவள் இடத்துக்கு வந்திருந்த கர்ட்டிஸ் கெட்டிக்காரன்தான். ஆனால் மதகைச் சட்டென்று மூடுவான். சட்டென்று மூடினால் மேலே அலை கிளம்பி அடுத்தவன் வயலில் ஏறும். அவள் ஜன்னலை இறக்கி, தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டே, எந்த மதகு எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்று சொல்வாள். நான் இறங்கிப் போய் எண்ணிப் பார்ப்பேன். ஒரே ஒருமுறை தப்பாகச் சொன்னாள். அன்றைக்குத் திரும்பும் வழி முழுக்கப் பேசவில்லை.

மேட்டில் நிறுத்தியதும் கைப்பேசியை ஸ்டியரிங் மேல் சாய்த்து வைப்போம். டாக்டர் வருவார். எங்கே இருக்கிறீர்கள் என்பார். ஐடஹோ என்பாள் டார்லா. வலிப்பு வந்ததா, மாத்திரை ஒத்துக்கொள்கிறதா, தூக்கம் எப்படி. பத்து நிமிடம், பதினொன்று. பிறகு நாங்கள் பன் தின்போம். கீழே கடைசி மதகிலிருந்து தண்ணீர் மக்காச்சோளத்துக்குள் போய்க்கொண்டிருக்கும்.

"இந்தத் தண்ணிய யாராவது நிறுத்தி எந்த ஊரு நீன்னு கேட்டாங்களா பாரு" என்றேன் ஒருநாள்.

"தண்ணிக்கு வலிப்பு வராது. தின்னு" என்றாள்.

போன அக்டோபர் முதல் தேதி வந்த வலிப்புதான் கடைசி. நவம்பர், டிசம்பர், ஜனவரி. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. நாங்கள் பனியில் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டு அதே கரையில் போனோம். பிப்ரவரி. மார்ச் முதல் செவ்வாயில் டாக்டர், அடுத்த மாதம் நல்லபடியாக இருந்தால் கடிதம் எழுதிவிடலாம் என்றார். ஏப்ரல் பதினைந்தில் வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். கடிதம் அதற்குள் வந்தால் கீழ்ப்பகுதியை டார்லாவுக்கே தருவதாக ஃபிட்ச் சொன்னார். அவள் பூட்ஸ் பெட்டியைப் பிரித்தாள். வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடந்து பழக்கினாள்.

மார்ச் பதினெட்டு, திங்கள். மத்தியானம் அலுவலகத்துக்கு அழைத்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. உருளைக்கிழங்கு கழுவக் குழாயைத் திறந்தாளாம். அடுத்து அவளுக்குத் தெரிந்தது, காலுறை நனைந்திருந்தது. தொட்டி நிரம்பித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. கையில் கிழங்கு அப்படியே இருந்தது. விழவில்லை. நாக்கு கடிபடவில்லை.

"எவ்வளவு நேரம்டி?"

"தொட்டி நெறையற நேரம். மூணு நிமிஷம், நாலு நிமிஷம். அந்தக் குழாய்க்கு அவ்வளவுதான் ஆகும்."

தண்ணீரை அளந்தே பழகியவள். அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அது ஆரிகன்ல நடந்தது" என்றேன். "அந்தம்மாவுக்கு ஆரிகன்ல லைசென்ஸே இல்லையே. ஆரிகன்ல நடந்தத அவங்ககிட்ட சொல்றதுதான் சட்டப்படி தப்பு."

 அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மூச்சு முட்டும்வரை சிரித்தோம். பக்கத்து மேசையில் கணக்கு பார்ப்பவர் நிமிர்ந்து பார்த்தார்.

அதைச் சிரிப்போடு விட்டிருந்தால் சரி. அடுத்த நாள் அவளே அழைத்து, ஐடஹோவில் தனக்கு இதுவரை ஒரு வலிப்பும் வந்ததில்லை, அது உண்மைதானே என்றாள். உண்மைதான் என்றேன். டாக்டர் பார்ப்பது ஐடஹோ டார்லாவைத்தானே என்றாள். ஆமாம் என்றேன். இரண்டு வாரம் நாங்கள் இப்படியே பேசிக்கொண்டிருந்தோம். முதலில் கிண்டலாகப் பேசினோம். பிறகு கிண்டல் எப்போது போனதென்று எனக்கு நினைவில்லை. நான் அவளோடு பயணிகள் இருக்கையில் உட்கார்ந்து அந்தக் கரையில் போகும் நாளை நினைத்துக்கொண்டேன். அவள் மறுபடி ஓட்டிக்கொண்டே விழுந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் இரண்டு. கரையெல்லாம் குளிர்காலத்து முட்புதர்களை எரித்த கறுப்பு. வாய்க்காலின் அடி துப்புரவாக இருந்தது.  எல்லைக் கம்பத்தைத் தாண்டியதும் டார்லா மணியைப் பார்த்தாள். மேட்டில் நிறுத்தினேன். கைப்பேசியைச் சாய்த்து வைத்தேன். கடிதத்துக்கான படிவம் அவள் மடியில் இருந்தது. டாக்டருக்கு அதன் நகல் ஏற்கெனவே போயிருந்தது. ஆனாலும் கொண்டு வந்திருந்தாள்.

டாக்டர் பென்ரோஸ் அன்றைக்குச் சிரித்த முகமாக வந்தார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐடஹோ, கடைசி மதகு என்றாள்.

"இனிமே அங்க போக வேண்டாம், டார்லா. போன வியாழக்கிழமை ஆரிகன் லைசென்ஸ் வந்துடுச்சு."

பதினாலு மாதம் ஆயிற்றாம். இதுவரை வேலை பார்த்த ஒவ்வொரு மருத்துவமனையிலிருந்தும் அத்தாட்சி வாங்க வேண்டியிருந்ததாம். அவர் பயிற்சிக்கு இருந்த ஓர் ஆஸ்பத்திரி மூடிப் பல வருடமாகிவிட்டது. அதன் காகிதங்கள் எந்தக் கிடங்கில் இருக்கின்றன என்று கண்டுபிடிக்கவே ஒரு வருடம். உங்களைப் போல் எல்லை தாண்டி வரும் ஒன்பது பேருக்காகத்தான் விடாமல் அலைந்தேன் என்றார். அதில் ஒருவர் எண்பத்து நாலு வயதுக்காரர், பனியில் மளிகைக் கடை வாசலில் நின்று பேசுகிறவர். டாக்டர் அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இளகியது. அடுத்த மாதத்திலிருந்து சமையலறையிலேயே உட்கார்ந்து பேசலாம் என்றார்.

டார்லா நன்றி சொன்னாள். நல்ல செய்தி என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சரி. வழக்கமான கேள்வி. போன தடவைக்கு அப்புறம் ஏதாவது வந்துச்சா?"

டார்லா படிவத்தை நாலாக மடித்தாள். வெகுநேரம் மடித்ததுபோல் எனக்கு இருந்தது.

"மார்ச் பதினெட்டு. என் சமையலறைல. நாலு நிமிஷம்."

டாக்டர் எழுதிக்கொண்டார். விழுந்தீர்களா, அதற்குப் பிறகு தூங்கினீர்களா, முந்தின நாள் மாத்திரை விட்டுப்போயிற்றா என்று கேட்டார். இரவு மாத்திரையை ஒரு படி கூட்டினார். கடிதத்தைப் பற்றி அவராகச் சொல்லவில்லை. டார்லாதான் கேட்டாள்.

"முடியாது, டார்லா. எனக்கும் இது பிடிக்கல."

"தெரியும். எப்பலேருந்து எண்ணணும்?"

"மார்ச் பதினெட்டுலேருந்து."

ஆரிகன் உரிமம் அந்த வியாழக்கிழமை வராமல் இருந்திருந்தால் அவள் சொல்லியிருப்பாளா என்று நான் இதுவரை கேட்டதில்லை. நான் சொல்லிக்கொடுத்த பேச்சு அது. கேட்கும் உரிமை எனக்கில்லை.

பன் தின்னாமலே கிளம்பினோம். திரும்பும் வழியில் எட்டாம் மதகருகே நிறுத்தச் சொன்னாள். இறங்கவில்லை. காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போகலாம் என்றாள்.

பதினைந்தாம் தேதி தண்ணீர் விட்டார்கள். அவள் வெங்காயக் கொட்டகையில் இருந்தாள்.

மே மாதத்து முதல் செவ்வாய் நான் ஃபிட்ச்சிடம் பிக்கப் கேட்டேன். இப்போது வீட்டிலிருந்தே பார்க்கலாமே நோரீன் என்றார். சொன்னதில் தப்பில்லை. என் காரை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். என் கார் கரைப்பாதையில் ஏறாது. ஒன்பது மணிக்கு டாக்டர் வந்தார். எங்கே என்று கேட்டார், வீட்டில் என்றாள். கூட்டிய மாத்திரையில் தலை சுற்றல் உண்டா என்றார். கொஞ்சம் என்றாள். ஒன்பது பதினொன்றுக்குப் பேச்சு முடிந்தது. முன்பெல்லாம் இந்தப் பதினோரு நிமிடத்துக்கு அரைநாள் போகும். நாங்கள் சமையலறை மேசையில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். இருவருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

கீழ்ப்பகுதியில் பாசி பிடித்துவிட்டதா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். எனக்குத் தெரியாது. தொலைபேசியில் யாரும் புகார் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சுவரில் எங்கள் அலுவலகம் தரும் நாட்காட்டி மாட்டியிருந்தது. அவள் எழுந்து போய்ப் பக்கங்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"செப்டம்பர் பதினெட்டோட ஆறு மாசம். அக்டோபர் பத்துல தண்ணிய நிறுத்துவாங்க."

"ஆமா."

"மூணு வாரம் இருக்கு."

அந்த மூன்று வாரத்தில் திறக்க ஒன்றும் இருக்காது. பீட்ரூட்டுக்குக் கடைசித் தண்ணீர் போய்விட்டிருக்கும். மேலே அணையில் ஒவ்வொரு நாளும் அளவைக் குறைப்பார்கள். நீர்க்கட்டி கீழிருந்து மேலாக ஒவ்வொரு மதகாக அடைத்துக்கொண்டே வர வேண்டும். கர்ட்டிஸ் போன வருடம் அதை நாலு நாளில் முடித்தான். நான் அதைச் சொன்னேன். அவசரமாக மூடினால் கரை உள்ளே சரியும் என்றாள். ஒரு நாளைக்கு இரண்டு மதகு மூடினால் போதும். முப்பத்தெட்டு மதகு இருக்கிறது, சரியாக இருக்கும் என்றாள்.

"வெறும் மூடுற வேலைடி" என்றேன்.

"அதுக்கும் ஆள் வேணும்ல."

பக்கங்களை ஒவ்வொன்றாகக் கீழே விட்டாள். மே மாதம் மறுபடி மேலே வந்தது. கொட்டகைக்கு நேரமாகிறது, கொண்டுபோய் விடுகிறாயா என்றாள். விட்டேன்.